ராஜாவின் பழைய தாவல்

எங்கள் ஊரான காஜா பெராங்கில் சதுரங்கத்தில் என்னை வெல்ல ஆளில்லை என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லாத நாளில் நானே சொல்லிக்கொள்வேன். எங்கள் மலாய் நாடு விடுதலையான அதே வருடம் எங்கள் பலகைக்கு வெள்ளைக்காரன் விதி வந்து சேர்ந்தது. பக்கத்திலிருந்த பண்டார் ஹிலிரில் நடக்கவிருந்த போட்டிக்காக நாங்களும் அதற்கு மாறினோம். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கடை நானாவிடம் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

"என்னா தம்பி, இன்னைக்கும் காலியா?" என்று தேநீரை ஆற்றிக்கொண்டே சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் தோற்ற ஆட்டங்களை வீட்டில் மறுபடி ஆடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் ராஜா நடுவிலேயே நின்று அடிபட்டிருந்தது. காரணம் புரிந்தது. எங்கள் பழைய ஆட்டத்தில் ராஜா ஒரே ஒருமுறை குதிரை போலத் தாவலாம். புது விதியில் அது கிடையாது. எனக்கு அது தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை. ஆபத்து வந்தால் தாவிக்கொள்ளலாம் என்று அது மெத்தனமாக இருந்திருக்கிறது.

மறுநாள் ஆரம்பத்திலேயே கோட்டை கட்டி ராஜாவை மூலையில் பத்திரப்படுத்தினேன். பிறகு என் யானைகள் நானாவின் பக்கம் இறங்கின. நெருக்கடி முற்றியதும் அவர் யோசிக்காமல் தன் ராஜாவைத் தூக்கினார். அது குதிரை போலத் தாவி உட்கார்ந்தது.

"நானா, அத பழைய இடத்துலயே வைங்க லா," என்றேன்.

அவர் தன் கையையே வெறித்துப் பார்த்தார். அவருக்கும் அதே வியாதிதான். அதுவரை அவர் ராஜா தப்பி ஓட வேண்டிய நெருக்கடியை நான்தான் கொடுத்ததில்லை.