போடில் வாங்கிய ஓக் மேசைகள்

என் மனைவி போடில் என்னைப் பற்றி நினைத்ததைவிட கெர்டாவைப் பற்றி நினைத்ததுதான் அதிகம். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன், நம்பலாம்.

ஃபோபோர்க் படகுத்துறையில் எங்கள் உணவகம். அதன் சமையலறையில் போடிலும் கெர்டாவும் பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். கெர்டா பிரிந்துபோய் எதிர்க்கரையில் தனிக்கடை போட்டாள். அன்று பிடித்தது என் வீட்டில் வயிற்றெரிச்சல். அங்கே புது விளக்கு வந்தால் இங்கேயும் விளக்கு மாறும். அங்கே கூட்டம் என்றால் இவள் சன்னல் துடைக்கிற சாக்கில் தலைகளை எண்ணுவாள்.

போன வசந்தத்தில் கெர்டா மேசைப் பலகைகளை மாற்றினாள். வெளிறிய ஆஷ் மரம். விரிப்பு கிடையாது. சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பட்டுப்போல ஆக்கியிருந்தாள். அங்கே போய்வந்தவர்கள் எங்களிடம் வந்து அதைப் புகழ்ந்தார்கள். தபால்காரர்கூடப் புகழ்ந்தார். அவருக்கு அன்று காபி கிடைக்கவில்லை.

“இந்தக் கோடைக்குள்ள என் மேசையப் பத்தி ஊர் பேசணும். இல்லேன்னா நான் கடைய மூடிடறேன்” என்றாள் போடில். அவள் சொன்னால் செய்பவள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மரம் அறுக்கும் விக்கோவிடம் போனோம். ஊரில் எல்லோருக்கும் அவர்தான் பலகை தருபவர்.

“கெர்டாவுக்குக் குடுத்ததவிட ஒசத்தியா எடுத்துப் போடு” என்றாள்.

“உனக்கும் ஆஷ்தாம்மா சரி. முட்டை அடைன்னா வாணலியோடயே மேசைக்குக் கொண்டுபோறவ நீ. வாணலி உட்கார்றது இரும்புத் தாங்கியில. ஓக்குல துவர்ப்பு ஜாஸ்தி, ஈர இரும்பு பட்டா கறுத்துடும். வார்னிஷ் அடிச்சா ஓக் எடு.”

“அவ சோப்பு தேய்ச்சா நானும் சோப்புதான் தேய்ப்பேன்.”

“அப்ப ஆஷ் எடு.”

“அவ எடுத்த மரம் எனக்கு வேண்டாம்!”

“மரம் என்ன பாவம் பண்ணுச்சு?” என்று நான் வாயைக் கொடுத்தேன்.

“ஆஸ்கர், உனக்கு வேன் ஓட்டற வேலை மட்டுந்தான்.”

பத்துப் பலகை ஓக் வந்தது. நான்கு நாள் அவளே தேய்த்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகு என்றால் அப்படி ஓர் அழகு. அந்த நான்கு நாளும் கெர்டாவின் பெயரை அவள் எடுக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் கூட்டம் நெரிந்தது. கொழுப்பிறைச்சி பரப்பிய முட்டை அடைதான் எல்லா மேசைக்கும். தாங்கிகளைக் கழுவித் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுபோய் வைத்தவன் நான். கூட்டம் கலைந்தபின் பார்த்தால் ஒவ்வொரு பலகையிலும் மூன்று மூன்று கரும்புள்ளிகள். தாங்கிக்கு மூன்று கால்.

எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாள். மங்கியது. மறுநாள் நான் துடைத்துத்தான் வைத்தேன். ஆனாலும் அவசரத்தில் எங்கோ ஈரம் தங்கி மறுபடி புள்ளி விழுந்தது. போடில் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். “அவ சிரிப்பா, ஆஸ்கர். அவ சிரிக்கறதத்தான் என்னால தாங்க முடியாது.” பத்து மேசைக்கும் விரிப்பு போட்டு மூடினோம்.

செவ்வாய்க்கிழமை கெர்டாவே வந்தாள். பிரிந்துபோன ஏழு வருடத்தில் முதல் தடவை. சன்னலோர மேசையில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் விரிப்பைத் தூக்கினாள்.

“எல்லா மேசையிலயும் இப்படியா?”

“எல்லாத்துலயுந்தான். போய்த் தண்டோரா போடு” என்றாள் போடில்.

கெர்டா சிரிக்கவில்லை. ஒரு புள்ளியை விரலால் தடவினாள். “நான் ஆஷ் எடுத்தது எதுக்குன்னு நெனச்சே? முட்டை அடை போடத்தான். பத்து இரும்புத் தாங்கியும் வாங்கினேன். ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க. ‘அதுக்குத்தான் போடில் கடை இருக்கே’ன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. தாங்கியெல்லாம் பெட்டியவிட்டு வெளிய வரல. என் மேசையத் தடவிப் பாக்க வர்றாங்க, சாப்பிட இங்க வர்றாங்க. உன் பலகையில ஒவ்வொரு புள்ளியும் வித்த அடையோட கணக்குடி. வயிறு எரியுது.”

போடில் எதிர்க்கரையைப் பார்த்தாள். பிறகு அந்த மேசையின் விரிப்பை உருவி மடித்தாள். அடுத்த மேசைக்குப் போனாள். பத்தையும் உருவிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“ஆஸ்கர், கெர்டாவுக்கு ஒரு முட்டை அடை.”

நான் தாங்கியைக் கழுவித் துணியைத் தேடினேன்.

“துடைக்காத” என்றாள். “சொட்டட்டும்.”