பலகையில் வெட்டிய தோல்

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கைக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோதெரபி அம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பந்தை அமுக்கச் சொன்னா அவரு செய்யமாட்டேங்கறாரு சார். துண்டு துண்டா எடுத்துப் பொருத்தற மாதிரி மரத்துல ஏதாச்சும் செஞ்சு குடுங்க. உங்க வேலையே அதானே?"

அதை மர வேலை என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சம். வேலூரில் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு பாயின் பட்டறையில் கம்ப்யூட்டர் மிஷின் ஓட்டுகிறேன். பூஜை அறைக் கதவுக்கும் ஜன்னல் ஜாலிக்கும் திரையில் கோடு போட்டுக் கொடுத்தால் மிஷின் பலகையை வெட்டும். சுழன்று வெட்டும் பிட் உடையாமல், பலகை நகராமல் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்க வேண்டும். நாள் முழுக்க நிற்க வேண்டும். அந்த ஐந்து மாதமும் விடிந்ததும் அண்ணனைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஆம்பூரில் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. என் மனைவி ஷூ கம்பெனியில் தைக்கிறாள். எனக்கு முன்னாலேயே அவள் கிளம்பிவிடுவாள். மதியம் பக்கத்து வீட்டு அம்மா வந்து அண்ணனுக்குச் சோறு ஊட்டுவார். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் முகம் பார்த்துப் பேசிய ஞாபகமே இல்லை.

இணையத்தில் தேடி யானைப் படம் ஒன்றை எடுத்தேன். பத்துத் துண்டு. பாய் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் நேரத்தில் மிஷின் சும்மா நிற்கும். அவரிடம் கேட்டுக்கொண்டு, மிச்சப் பலகையில் வெட்டினேன். எல்லாத் துண்டும் ஒன்றோடு ஒன்று பிடிக்காமல் கலகலவென்று ஆடின. பாய் வந்து எடுத்துப் பார்த்தார்.

"இது கையால அறுக்கற வாளுக்குப் போட்ட கோடுப்பா. அந்த வாளு மயிரு மாதிரி. நம்ம பிட்டு மூணு மில்லி. எலி மாதிரி தின்னுகிட்டுதான் போவும்."

அடுத்த வெள்ளிக்கிழமை, பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளைத் தனித்தனிப் பலகையில் வைத்து, ஒவ்வொரு கோட்டையும் பிட்டின் பாதி அளவு வெளியே தள்ளி வெட்டினேன். இப்போது மூலைகள் சேரவில்லை. உருண்டை பிட் உள்மூலையை உருட்டித்தான் வெட்டும்; அதில் போய் உட்கார வேண்டிய முனையோ கூராக இருந்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமை முனைகளையும் உருட்டினேன். யானை பொருந்தியது. ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணிலும் மூக்கிலும் மரத்தூளோடு வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இடது கையால் ஒரே தள்ளு. துண்டுகள் கட்டிலுக்கு அடியில் சிதறின.

"நா... நா இன்னா... கொழந்தயா?"

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "மூணு வாரம்ணா! நின்னு நின்னு காலே போயிடுச்சு. உனக்கு இன்னாதான் வேணும், சொல்லு!" என்று கத்தினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். உடம்பு முடியாதவரிடம் கத்தியது அன்று முழுக்க நெஞ்சை அறுத்தது. ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

மனைவிதான் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். "அவருக்கு யானை எதுக்குங்க? முப்பது வருசமா அவரு கையில புழங்கினது தோலுதானே" என்றாள்.

உண்மைதான். அண்ணன் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுபவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேலை, வீடு, அவ்வளவுதான். மேஜையில் தோலை விரித்து, தழும்பையும் பூச்சிக்கடி ஓட்டையையும் ஒதுக்கி, எந்தத் துண்டை எங்கே வைத்தால் தோல் வீணாகாது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி என் கிழிந்த ஷூ ஒன்றைப் பிளேடால் பிரித்துக் கொடுத்தாள். மேல்தோல் ஏழு துண்டாக வந்தது. அவற்றைத் தாளில் வைத்து வரைந்து, கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கழுத்து, நாலு கால், வயிறு என்று ஒரு முழுத் தோலின் வடிவத்தைப் பெரிய பலகையில் வெட்டினேன். தழும்புக்கு மெல்லிய பள்ளம், பூச்சிக்கடிக்குச் சின்னத் துளை. ஷூ துண்டுகளை நாலு செட் வெட்டினேன்.

பலகையை அண்ணன் மடிமேல் வைத்தேன். வழி காட்டுகிறேன் என்று, ஷூவின் முன்பக்கத் துண்டை நானே எடுத்து வயிற்றுப் பகுதியில் வைத்தேன்.

"தப்பு" என்றார்.

வலது கையைத் தூக்கிப் பலகைமேல் போட்டார். விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கையால் அந்தத் துண்டை நகர்த்தி, நகர்த்தி, முதுகுப் பகுதிக்குக் கொண்டுபோனார். அதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது.

"வயிறு... லூசு. இழுத்துக்கும். முன்பக்கம்... முதுகுலதான்."

பக்கவாதம் வந்த பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். மனைவி சமையலறை வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அப்படியே தரையில் படுத்துவிட வேண்டும்போல இருந்தது.

பத்து நாளில் எல்லாத் துண்டையும் இடம் பார்த்து அடுக்கிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஜோடி எங்க?" என்றார். அப்போதுதான் கவனித்தேன், எல்லாமே வலது கால் ஷூ.

"திருப்பிப் போட்டா எடது கால் ஆயிடும்ணா. ரெண்டு பக்கமும் ஒரே பலகைதானே."

அவர் தலையை ஆட்டினார். "தோலத்... திருப்பக் கூடாது."

வெட்டுகிறேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? அடுத்த வெள்ளிக்கிழமை இடது கால் துண்டுகளை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர் கை முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. திரும்பாது என்று பிசியோதெரபி அம்மாவே பிறகு சொல்லிவிட்டார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பிடி வந்திருக்கிறது. சட்டையில் மேலிருந்து இரண்டு பட்டன் அவரே போட்டுக்கொள்கிறார். மிச்சத்தை நான் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.