அப்பா 'ம்' கொட்டிய கதை

சித்தி கதை சொல்லும்போது யாராவது ஒருவர் 'ம்' கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். கதையில் வரும் ராஜா மாடிப்படியில் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நிற்பார். 'ம்' கொட்டுவதற்கென்று ஒரே ஒரு பிள்ளை. மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அது சித்தியின் சட்டம்.

லிங்கராஜபுரத்தில் தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்த சிறுவர் நூலகத்தைச் சித்திதான் பார்த்துக்கொண்டாள். வாரம் முழுக்கக் கிழிந்த புத்தகங்களைப் பசை தடவி ஒட்டுவாள். சனிக்கிழமை மாலை கதை. அந்த மழைக்காலம் முழுவதும் 'ம்' கொட்டும் வேலை என்னுடையது. அதற்குப் பிறகு நான் பார்த்த எந்த வேலையிலும் அத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

அப்பாவுக்குச் சென்ட்ரிங் வேலை. ஒரு கட்டடம் எழும்பி முடிந்தால் நாங்கள் அடுத்த கட்டடத்துக்குக் கிளம்பிவிடுவோம். அதனால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் ஒரு வகுப்பை முழுதாக முடித்ததில்லை. இந்த முறை போக வேண்டியது எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம், தகரக் கொட்டகையில் தங்கல். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், படிக்கட்டும் என்று சித்தி கேட்டுப் பார்த்தாள். பெற்றதை இன்னொருவர் சோற்றில் வளர்க்கும் நிலைமை தனக்கு வரவில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

கிளம்பும் நாள் சனிக்கிழமையாக அமைந்தது. மேஸ்திரியின் டெம்போ வருவதற்குள் கதையைக் கேட்டுவிட்டு வரட்டும் என்று அம்மா கெஞ்சினாள். கதை முடிந்த நொடியே கிளம்பிவிட வேண்டும் என்ற பேச்சோடு அப்பாவே கூட வந்து நூலக வாசலில் நின்றார்.

அன்று, நிழலைப் பறிகொடுத்த பெண்ணின் கதை. மத்தியான வெயிலில் நடந்தவளின் நிழலை ஒரு பூதம் பாய்போலச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. அதை மீட்க அவள் மலையேறிக் குகை வாசலுக்கே வந்துவிட்டாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் புரிய வேண்டுமே, பூதம் மூன்று பாஷையில் உறுமியது: "ஏன் வந்தே? யாக்கே பந்தே? க்யூன் ஆயி?" முன்வரிசை அலறிப் பின்வரிசையின் மடியில் விழுந்தது.

தொண்டைவரை வந்த 'ம்'மை அப்படியே விழுங்கினேன். கதை முடிந்தால்தானே கிளம்ப வேண்டும்?

கதை நின்றது. கறிக்கடைக்காரர் மகன் என் விலாவில் குத்தினான். "ஏய், ம் போடுடி. பூதம் வெயிட் பண்ணுது."

நான் வாயை இன்னும் இறுக்கினேன். சித்தி என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். பூதத்துக்கு ஒன்றும் அவசரமில்லை என்றாள். டெம்போ போய்விட்டது, நான் சித்தி வீட்டில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நிற்கிறேன் என்பதுவரை கண்ணில் ஓடியது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"ம்."

கனத்த குரல். வாசலிலிருந்து. எல்லாத் தலைகளும் திரும்பின. அப்பா.

"ம் போடறவங்க உக்காரணும் மாமா. செருப்ப கழட்டிட்டு உள்ள வாங்க," என்றாள் சித்தி.

பிள்ளைகள் சிரித்துத் தள்ளினார்கள். அப்பா சிமெண்டு காய்ந்த கால்களை மடக்கிப் பாயில் உட்கார்ந்தார். அப்புறம் கதை பிய்த்துக்கொண்டு கிளம்பியது. குகைக்குள் இன்னொரு குகை, அதற்குள் ஓர் ஆறு, ஆற்றின் அக்கரையில் பூதத்தின் மாமியார். ஒவ்வொன்றுக்கும் அப்பா 'ம்' கொட்டினார், ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல். சட்டைப் பையில் போன் அடித்தது, பார்க்காமலே அமுக்கினார். மறுபடி அடித்தது, மறுபடி அமுக்கினார். அந்தப் பெண் நிழலை மீட்டுக் குதிகாலில் முள்ளால் தைத்துக்கொண்டு ஓடியபோது அறையே எழுந்து குதித்தது. கோபத்தை மறந்து நானும் குதித்தேன்.

டெம்போ போயிருந்தது. மூட்டைகளோடு பஸ் ஏறினோம். அம்மா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். அப்பா என் பக்கம் குனிந்து, "ஆமா, அந்தப் பூதம் நிழல வச்சிக்கினு என்ன பண்ணும்?" என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கதையைச் சீக்கிரம் முடித்து என்னை இழுத்துப் போகத்தான் என் 'ம்'மைப் பறித்துக்கொண்டார் என்று வெகுகாலம் நம்பினேன். அப்படி அவசரப்பட்ட மனிதர் போனை ஏன் எடுக்கவில்லை, சித்தி குகைக்குள் குகையாக நீட்டிக்கொண்டே போனபோது ஏன் அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.