குளிர்ச்சீமையில் நஞ்சம்மா கேட்ட வெற்றிலை

நஞ்சம்மாவுக்குக் குளிர் என்றாலே இளக்காரம். வேலை செய்யாதவன் உடம்புதான் குளிரைத் தேடும் என்பாள். ஊத்தங்கரைக்குக் கிழக்கே, சித்திரையில் பாறையே விரிசல் விடும் ஊரில் பிறந்தவள். பக்கத்து ஊரிலேயே மாதப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு, கேழ்வரகும் அவரையும் விளைத்தே நாற்பத்திரண்டு வயதைத் தாண்டியவள். அவள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருஷம் சித்திரையில், கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் பஸ் மாறி, தளிக்கு அப்பால் இருக்கிற மேட்டுச்சீமைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள் என்றால், சும்மா கிளம்பவில்லை. அங்கே அவள் தம்பி கங்கப்பன் இருந்தான். அவன் கையால் ஒரு வெற்றிலை வாங்க வேண்டியிருந்தது.

இவர்கள் தாய் வெங்கடம்மாள் ஐந்து பெற்றாள். மூத்தது நஞ்சம்மா, கடைசி கங்கப்பன். நடுவில் மூன்றையும் மண் தின்றுவிட்டது. கங்கப்பனுக்கு மூன்று வயதாகும்போது தாயும் போய்ச் சேர்ந்தாள். பதினோரு வயதுப் பெண் அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டே களை பிடுங்கினாள். பின்னால் ராஜாத்தி பிறந்து தொட்டிலில் போட்ட அன்றே, "இவ கங்கப்பனுக்கு" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அக்காள் மகள் தம்பிக்கு என்பது அவர்கள் வழக்கம்.

அந்த வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தாய்மாமனுக்குக் கட்டிக்கொள்ள இஷ்டமில்லை என்றால், வெளியாள் இரண்டு பேர் பார்க்க, அக்காள் கையில் அவனே வெற்றிலை பாக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் உரிமை தீர்ந்தது, பெண்ணை வேறிடம் கொடுக்கலாம். கொடுக்காமல் நடக்கிற கல்யாணத்தில் பங்காளி ஒருவனும் இலையில் உட்கார மாட்டான். நஞ்சம்மாவின் பெரியம்மா மகள் ரங்கம்மா அப்படித்தான் கெட்டாள். அவள் மாமன் கோலார் தங்கவயலுக்குப் போனவன், வரவும் இல்லை, வெற்றிலை கொடுக்கவும் இல்லை. தலை நரைத்துக் கன்னியாகவே செத்தாள்.

ராஜாத்திக்குப் பத்தொன்பது முடிந்திருந்தது. சூளகிரியில் இரண்டு கிணறு வைத்திருந்த கிருஷ்ணப்பன், தன் மகன் வெங்கடப்பனுக்கு அவளைக் கேட்டிருந்தார். "வைகாசி முதல் முகூர்த்தம் வரைக்கும் பாக்கறோம். அதுக்கு மேல பேரிகையில பாத்த பொண்ணை முடிச்சிடுவோம்" என்று சொல்லியும் விட்டார். கங்கப்பனுக்கு மூன்று கடிதம் எழுதிப் போட்டார்கள். மூன்றுக்கும் பதில் வந்தது. மூன்றிலும் இங்கே நல்ல குளிர் என்று எழுதியிருந்தான்.

அவன் பதினாறு வயதில் மேட்டுச்சீமையில் ஒரு பங்களாவுக்குத் தண்ணீர் சுமக்கப் போனவன். கட்டிய வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகு பெங்களூர் முதலாளி ஒருவர் அதை வாங்கி, கோடையில் பெரிய மனிதர்களுக்கு வாடகைக்கு விட்டார். கங்கப்பன் அதற்குக் காவல்காரன், மேஸ்திரி, எல்லாம். காக்கிக் கால்சட்டை போட்டுக்கொண்டு அக்காளை எதிர்கொண்டவன், அவளுக்கும் ராஜாத்திக்கும் தங்கக் காட்டிய இடம் பின்பக்கத்துப் பழைய குதிரை லாயம்.

"முன்னாடி அறையெல்லாம் சீசனுக்கு வர்றவங்களுக்கு, அக்கா."

"பரவால்லடா. குதிரையாச்சும் நின்ன எடம்."

மூட்டையை இறக்கியதும் கேட்டுவிட்டாள். "கட்டிக்கிறயா, வெத்தலை குடுக்கறயா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. நாளைக்கே பஸ் ஏறிடறேன்."

"வந்ததும் வராததுமா அதென்ன பேச்சு? எத்தனை சனம் பெங்களூர்லருந்து, மெட்ராஸ்லருந்து இதைப் பாக்க வருது! மொதல்ல தோட்டத்தைப் பாரு, வா."

ரோஜாத் தோட்டம். சுற்றிலும் கம்பி வேலி. நாற்பது சாதி ரோஜா என்று விரலை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டு போனான்.

"தலையில வெச்சுக்கலாமா?"

"ஐயோ, தொடக் கூடாது. பாக்கறதுக்குத்தான்."

நஞ்சம்மா குனிந்து ஒரு பூவை முகர்ந்தாள். "வாசனையே இல்லையேடா."

"சீமைச் செடி அது, அக்கா."

"அப்ப காயிதத்துல பண்ணி நட்டு வெச்சிருந்தா, தண்ணி ஊத்தற வேலையாச்சும் மிச்சமாயிருக்கும்."

ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கங்கப்பன் அதைக் கவனிக்காதவன் போல ஏரிக்கு நடந்தான். ஏரி என்று அவன் சொன்னது ஒரு குட்டை. நஞ்சம்மா வீட்டு எருமைகள் நாலு இறங்கிப் படுத்தால் தண்ணீர் கரை மேல் வந்துவிடும். அதில் பச்சைச் சாயம் அடித்த படகு ஒன்று. இருவரையும் உட்கார வைத்துத் துடுப்புப் போட்டான். படகு ஒரு சுற்றுச் சுற்றி, ஏறின இடத்துக்கே வந்து முட்டியது.

"இப்ப எங்கடா போனோம்?"

"எங்கயும் போகல. சும்மா சுத்தி வர்றதுதான் இதுல."

"எங்கயும் போகாததுக்கு எதுக்குடா ரெண்டு துடுப்பு?"

மறுநாள் காலையில் பனிமூட்டம் கையை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு இறங்கியது. அதையும் ஒரு காட்சி என்றான் கங்கப்பன். இதற்காகவே துரைமார்கள் விடியலில் எழுந்து கம்பளி போட்டுக்கொண்டு நடப்பார்களாம்.

"மாடு காணாமப் போச்சா அவுங்களுக்கு?"

"மாடு எங்க வந்தது? நடக்கறதுதான் வேலை. அதுக்குப் பேரே வாக்கிங்."

நடந்தார்கள். புல்மேட்டின் விளிம்பில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு. மூட்டம் விலகும் வரைக்கும் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றான். வெகுநேரம் கழித்து விலகியது. கீழே காடு, அதற்கப்பால் நீலமாய் மலை.

"அதோ தெரியுது பாரு, அது மைசூர்ச் சீமை."

"அங்க நம்ம ஒறவு யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"பின்ன என்னாத்துக்கு அங்க பாக்கறது? இங்க பாரு, எம் முகத்தை. வெத்தலை குடுக்கறயா, இல்லையா?"

"நான் எப்ப கட்டிக்க மாட்டேன்னேன்?"

"கட்டிக்கறேன்னும் சொல்லலியே."

கங்கப்பன் கால்சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினான். "முதலாளி என்னைப் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறேங்கறாரு. அங்க போய் நெலைச்சப்புறம் யோசிக்கலாம். அதுவரைக்கும் அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

அது என்று சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ராஜாத்தி. பங்களா அலமாரியில் அவன் வெள்ளித்தட்டு ஒன்றைத் துணி சுற்றி வைத்திருந்தான். எடுத்துச் சாப்பிடவும் மாட்டான், யாருக்கும் கொடுக்கவும் மாட்டான், இருக்கிறது என்ற நினைப்பே அவனுக்குப் போதும். பெண்ணையும் அப்படி வைக்கப் பார்த்தான் அந்த மகராசன்.

ராஜாத்தி அந்த இரண்டு நாளில் மாமனிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மாமா, இங்க எப்பவும் இப்படியே மூட்டமாத்தான் இருக்குமா?"

"சீசன்ல இப்படித்தான். எப்படி இருக்குது?"

"துணி எப்படிக் காயும்?"

 கங்கப்பன் எழுந்து, கூடத்தைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனான். கூடத்துச் சுவரில் ஆள் உள்ளே நிற்கலாம் போல ஒரு அடுப்பு. வண்டி விறகு எரிப்பார்களாம், மேலே ஒரு பாத்திரம் வைக்க மாட்டார்களாம்.

"குளிர் காயறதுக்கு, அக்கா."

"குளிருதுன்னு தேடிக்கிட்டு வர்றது, வந்தப்புறம் குளிருதுன்னு நெருப்புப் போடறது. இவுங்களுக்கு நீ சேவகம்!"

மூன்றாம் நாள் காலை, நஞ்சம்மா களிக்கு உலை வைத்திருந்தாள். வரும்போதே கேழ்வரகு மாவும் காய்ந்த அவரைக்கொட்டையும் மூட்டையில் கொண்டு வந்திருந்தாள். அடுத்தவர் உப்பைத் தேடிப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அப்போது வாசலில் கார் வந்து நின்றது. இரண்டு நாள் கழித்து வர வேண்டியவர்கள், மெட்ராஸ் வெயில் பொறுக்காமல் முன்னதாகவே வந்துவிட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஜட்ஜு, அவர் தம்பி ஒரு டாக்டர். சமையல்காரன் இன்னும் வந்து சேரவில்லை. கங்கப்பனுக்குக் கை கால் ஓடவில்லை.

ஜட்ஜு கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்பக்கம் வரைக்கும் வந்துவிட்டார். வாசனை இழுத்திருக்கும்.

"யாருப்பா இவங்க?"

கங்கப்பன் அக்காளைப் பார்த்தான். நூல் புடவை, மாவு ஒட்டிய கை, வெறுங்கால். தன் கால்சட்டையை ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

"ஒத்தாசைக்குக் கூட்டியாந்த வேலைக்காரப் பொம்பளைங்க, ஐயா. ஊத்தங்கரைப் பக்கம்."

இடுப்பில் தூக்கிச் சுமந்தவளுக்கு அந்தப் பேர். ராஜாத்தி சட்டென்று நிமிர்ந்தாள், களிக்கோல் கையில் நின்றது.

"கிண்டு, நிறுத்தாத. கட்டி தட்டிடும்" என்றாள் நஞ்சம்மா.

சமையல்காரன் இல்லாததால் அந்தக் களிதான் அன்றைக்குப் பெரிய மனிதர்களுக்கும் சாப்பாடு. ஜட்ஜு இரண்டு உருண்டை தின்றார். டாக்டர் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டு, இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் ரொட்டியைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டேன் என்றார். இலை எடுத்ததும் இருவரும் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கங்கப்பன் வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"அந்த அம்மாவைக் கூப்பிடு" என்றார் ஜட்ஜு.

நஞ்சம்மா வந்தாள். மூட்டை கட்டி முடித்து, அதை ராஜாத்தியின் தலையில் ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.

"கிளம்பிட்டியா? அமிர்தமா இருந்ததும்மா. என்ன வேணும், கேளு."

"வேறொண்ணும் வேணாங்க சாமி. உங்க ரெண்டு பேரு முன்னாடி, இவரு கையால ஒரு வெத்தலை பாக்கு குடுக்கச் சொல்லுங்க. போதும்."

"அவ்வளவுதானா? அதை ஏன் அவன் கொடுக்கணும்?"

"எனக்கு இங்க வேலை போட்டுக் குடுத்தவரு அவருதானுங்களே."

ஜட்ஜு சிரித்துவிட்டு, "கொடப்பா, கொடு" என்றார்.

கங்கப்பன் கொடுக்கவில்லை. ஒரு வாய்வார்த்தை போதும், இவள் என் அக்காள் என்று. சொன்னால் வெற்றிலை தட்டிலேயே இருக்கும், உரிமை அவனிடமே இருக்கும், ராஜாத்தி இன்னும் எத்தனை வருஷமோ அவன் அலமாரியில் இருப்பாள். ஆனால் பங்களா மேஸ்திரியின் அக்காள் வெறுங்காலோடு களி கிண்டுகிறவள் என்பது இந்த இரண்டு பெரிய மனிதருக்கும் தெரிந்துபோகும், அப்படியே முதலாளிக்கும் போகும். நஞ்சம்மா அவசரப்படுத்தவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சொல்ல நினைத்திருந்தால் தாராளமாகச் சொல்லியிருக்கலாம், அத்தனை நேரம் கொடுத்தாள்.

"என்னப்பா, வெற்றிலை கொடுக்க இவ்வளவு யோசனையா?"

கங்கப்பன் குனிந்து, இரண்டு வெற்றிலையும் ஒரு கொட்டைப்பாக்கும் எடுத்து நீட்டினான். நஞ்சம்மா முந்தானையை விரித்து வாங்கினாள். இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"பாத்துக்கிட்டீங்களா சாமி, ரெண்டு பேரும்?"

"பார்த்தோம், பார்த்தோம்" என்றார் டாக்டர், ஒன்றும் புரியாமல்.

"அப்ப நான் வர்றேனுங்க." தம்பியிடம் மட்டும் தலையை ஆட்டினாள், கூலி வாங்கினவள் ஆட்டுகிற மாதிரி. "வர்றேனுங்க மேஸ்திரி."

ரோஜா வேலியைத் தாண்டி அவர்கள் பாதி தூரம் போன பிறகுதான் அவன் பின்னால் ஓடி வந்தான். ஜட்ஜு உள்ளே போய்ப் படுத்திருக்க வேண்டும்.

"அக்கா, அது கணக்கில்ல! நான் அப்படி நெனச்சுக் குடுக்கல!"

நஞ்சம்மா திரும்பினாள். "அப்ப போய் அவுங்களை எழுப்பு. இவ எங்க அக்கான்னு சொல்லு. நான் இங்கயே நிக்கறேன்."

அவன் பங்களாவைத் திரும்பிப் பார்த்தான். அங்கேயே நின்றான். ராஜாத்தி மூட்டையைத் தலையில் சரிசெய்துகொண்டு, "நேரமாகுதும்மா, வண்டிக்காரர் போயிடுவாரு" என்றாள்.

முட்டைக் கூடை ஏற்ற வந்திருந்த சாந்த் பாஷாவின் வண்டியில் தளி வந்து, பஸ் பிடித்து ஓசூர் வந்து, கிருஷ்ணகிரிப் பஸ்ஸில் ஏறினார்கள். ஊத்தங்கரைக்கு டிக்கெட் எடுக்கவில்லை. நடுவழியில் சூளகிரியில் இறங்கி, நேராகக் கிருஷ்ணப்பன் வீட்டுக்குப் போனாள் நஞ்சம்மா. வெயில் அங்கே நன்றாகவே அடித்தது. வெங்கடப்பனின் தாய் மாதம்மாள் சொம்பில் மோர் கொண்டு வந்தாள்.

"வாங்கண்ணி, வாம்மா. தளிப் பக்கம் போனீங்களாமே? குளுகுளுன்னு இருக்குமாம், சனம் காசைக் கொட்டிட்டு வருதாம். என்னென்ன பாத்தீங்க?"

நஞ்சம்மா முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.

"பாக்க என்ன இருக்குது அங்க. கிருஷ்ணப்ப அண்ணனைக் கூப்புடுங்க, இந்த வெத்தலையை எடுத்துக்கச் சொல்லுங்க. வாடிக்கிட்டு இருக்குது."