வேலைப் பலகையில் இல்லாத முகம்

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது என் ஒன்றாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பென்சில் கீழே விழுந்தால் ஒருவரும் குனிய மாட்டார்கள், யாராவது எடுத்துத் தருவார்கள் என்று காத்திருப்பார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறக்க ஆயாம்மாவை நோக்கிக் கையை நீட்டுவார்கள். எல்லோரும் ஹைதராபாத் குகட்பள்ளியின் அடுக்குமாடி வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை அழுதால் தன் நோட்டை மட்டும் நகர்த்தி வைத்துக்கொள்வார்கள், கண்ணீர் பட்டுவிடக் கூடாதே என்று.

அதனால் ஒரு வேலைப் பலகை செய்தேன். பச்சைத் துணி ஒட்டிய பலகையில் துடைக்கும் துணி, செடிக்கு ஊற்றும் குவளை, நோட்டுக் கட்டு, கதவு, குப்பைக்கூடை என்று படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும், அந்த வாரம் அந்த வேலையைச் செய்யும் பிள்ளைகளின் புகைப்படங்களைத் துணி காயப்போடும் கிளிப்பால் மாட்டுவேன். காலையில் தரையில் வட்டமாக உட்கார்ந்து, நேற்று தனக்கு யார் உதவினார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. ஆகஸ்ட் பிறந்தபோது பலகையின் முன்னால் தள்ளுமுள்ளு நடந்தது.

ஆயாம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே இது பிடிக்கவில்லை. தன் வேலையைக் குறை சொல்வதாக நினைத்தார். பிள்ளைகள் துடைத்த மேஜையை, நான் பார்க்க வேண்டுமென்றே, மறுபடி அழுத்தித் துடைப்பார்.

துடைக்கும் துணிக்காக அதிகம் ஏங்கிய பிள்ளை ஒரு சிறுமி. கோயம்புத்தூரிலிருந்து வந்த குடும்பம். தாய்க்கு மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. வகுப்பில் முதலில் வாசிக்கத் தொடங்கியது அவள்தான். மேஜையைத் துடைத்துவிட்டு, கன்னத்தை அதன்மேல் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பளபளப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். நான் தமிழில் பேசினால் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ வரும்.

நான் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்து தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. முதல் நாள் என்னைத் தமிழில் பேசக் கேட்டதும் அந்தச் சிறுமியின் தாய், "நம்ம ஊர் மிஸ் கிடைச்சதுல நிம்மதிங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிம்மதி செப்டம்பர் வரை இருந்தது.

ஒருநாள் காலை வகுப்பு வாசலில் வந்து நின்றார். முந்தின இரவு மகள் சாப்பாட்டு மேஜையைத் துடைத்திருக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு என்னைச் சொல்லியிருக்கிறாள்.

"எம்பொண்ணைப் படிக்கத்தானுங்க அனுப்பறேன். மேஜை துடைக்கறதுக்கு ஆயாம்மா இருக்காங்கல்ல?"

ஆயாம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

"எல்லாப் பிள்ளைங்களும்தான் பண்ணுது மேடம். வாரத்துக்கு ஒரு வேலை."

"மத்தவங்க பிள்ளைங்களைப் பத்தி நான் பேசலீங்க. யார் யாரோ சாப்பிட்ட எச்சிலை எம்பொண்ணு எதுக்குங்க தொடோணும்?"

"யார் யாரோ இல்லை. அவ கூடப் படிக்கிற பிள்ளைங்க."

அவர் என் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தார். ஒரு நொடிதான். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்றார், மரியாதை குறையாமல்.

அன்று மாலைக்குள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் பலகையின் படம் ஓடியது. பள்ளியில் வேலைக்காரி இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக விழுந்திருந்தன. எனக்காக ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டார். பழைய ஹைதராபாத்காரர். "ஜகடா நக்கோ" என்று தொடங்கினார். சண்டை வேண்டாமாம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் துடைக்கும் வேலை கொடுக்காமல் விட்டுவிட்டால் போதுமாம்.

போதும்தான். அவளைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கலாம். நோட்டு கொடுக்க வைத்திருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. வகுப்புக்கு வந்து, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, அவளுடைய புகைப்படத்தைப் பலகையிலிருந்து கழற்றி என் மேஜை டிராயருக்குள் போட்டேன்.

"நா பனி ஏதி, மிஸ்?" என்று கேட்டாள். என் வேலை எது என்று.

"உனக்கு வேலை வேண்டாம்னு உங்க அம்மா சொல்லிட்டாங்க. நீ சும்மா உட்காரு."

ஆறு வயதுப் பிள்ளையிடம் நான் பேசிய குரல் அவளுக்கானது அல்ல. ஆனால் கேட்டது அவள்தான்.

மூன்று நாள் தினமும் கேட்டாள். பிறகு நிறுத்திவிட்டாள். பிள்ளைகள் வேகமாகக் கற்றுக்கொள்கிறவர்கள். நோட்டு கொடுக்கிறவன் அவள் மேஜையைத் தாண்டிப் போனான். நான் கேட்டதற்கு, "இஸ்கு காம் நை" என்றான். இவளுக்கு வேலை இல்லை, அதனால் நோட்டும் இல்லை என்பது அவன் கணக்கு. வரிசையில் நிற்கும்போது அவள் கையை யாரும் பிடிக்கவில்லை. காலை வட்டத்தில் ஒருவர் வாயிலும் அவள் பெயர் வரவில்லை. தன் முறை வந்தபோது, நேற்று தனக்கு யாரும் உதவவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அடுத்த பிள்ளையைப் பார்த்தேன்.

இதையெல்லாம் நான் கவனிக்காமல் இல்லை. திருத்தவில்லை. இது அந்தத் தாயின் காதுக்குப் போகட்டும் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. பகை வந்தால் எனக்கு வேறெதுவும் கண்ணில் படாது என்பதை நாற்பது வயதுக்கு மேல், ஒரு ஒன்றாம் வகுப்பில் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

பத்துப் பதினைந்து நாள் இப்படிப் போயிருக்கும். ஒரு மதியம் பிள்ளைகளைக் கைகழுவக் கூட்டிப்போயிருந்தேன். ஆயாம்மா வந்து என் புடவைத் தலைப்பைத் தொட்டு, வகுப்பைக் காட்டினார். உள்ளே அந்தச் சிறுமி தனியாக இருந்தாள். புளியோதரைப் பருக்கைகளும் ஊறுகாய் எண்ணெயும் சிந்தியிருந்த மேஜையை, தன் சாம்பல் நிறப் பாவாடையின் நுனியைப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது அவள் மேஜைகூட இல்லை, நோட்டு கொடுக்க மறுத்தவனுடைய மேஜை.

என்னைப் பார்த்ததும் பாவாடையை விட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சாரி மிஸ். டோன்ட் டெல் அம்மா."

எனக்குப் பின்னால் நின்றிருந்த ஆயாம்மா தெலுங்கில், "இப்போ சந்தோஷமா மேடம்?" என்றார். அவர் குரலில் இரக்கம் ஒன்றும் இல்லை. என்னைக் குத்தத்தான் சொன்னார். அது சரியாகவே குத்தியது.

நான் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்ப் பாவாடையைத் தேய்த்தேன். மஞ்சள் கறை போகவில்லை. மதியமே அவள் படத்தைக் குவளைக்குக் கீழே மாட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை. மாலை மணி அடிக்கும்வரை தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். செடிக்கு நானே தண்ணீர் ஊற்றினேன்.

மறுநாள் காலை அந்தப் பாவாடை ஒரு பிளாஸ்டிக் பையில் என் மேஜைக்கு வந்தது.

"வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறமும் துணிகூடக் குடுக்காம இதுல துடைக்க வெச்சிருக்கீங்க" என்றார் தாய். "கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. சொல்லுங்க, நீங்க சொல்லித்தானே பண்ணினா?"

சிறுமி வாசலில், புத்தகப் பையின் பட்டையைப் பல்லால் கடித்தபடி நின்றாள். நான் இல்லை என்று சொன்னால், வீட்டுக்குப் போய் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ஆமா" என்றேன். "நான்தான் துடைக்கச் சொன்னேன்."

அவளைக் காப்பாற்றச் சொன்னேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பாதி உண்மை அதுதான். மீதிப் பாதி, அந்த முகத்துக்கு நேராக அதைச் சொல்ல எனக்கு ஆசையாகவும் இருந்தது. "இனியும் சொல்வேன்" என்றும் சேர்த்துக்கொண்டேன். அதற்குத் தேவையே இல்லை.

"பார்த்துக்கறேங்க" என்றார் அவர்.

பார்த்துக்கொண்டார். எழுத்தில் புகார் வந்தது. தலைமையாசிரியை நீட்டிய விளக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். சிறுமியைப் பக்கத்து செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு போனபோது யாரும் அவளுக்கு டாட்டா காட்டவில்லை. அந்தப் பழக்கத்தை அவர்களுக்கு ஏற்படுத்தியது நான்.

அடுத்த நாள் வட்டத்தில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் சொன்னேன். அவளுக்கு வேலை இல்லாமல் செய்தது என் தப்பு, அவள் ஒரு தப்பும் செய்யவில்லை, நாம் எல்லோரும் அவளை ஒதுக்கி வைத்தது சரியில்லை என்று மூன்று மொழியில் திணறிச் சொன்னேன். அவளுக்கு நோட்டு கொடுக்க மறுத்த பையன் கையைத் தூக்கினான். அவள் காலி இடத்தில் தான் உட்காரலாமா, அங்கே ஜன்னல் இருக்கிறது என்று கேட்டான்.

இப்போது தினமும் இடைவேளையில் இரண்டு வரிசைகள் மாடிப்படியில் எதிரெதிராகப் போகும். அவள் வரிசை இறங்கும்போது எங்கள் வரிசை ஏறும். மற்றப் பிள்ளைகள் எனக்கு குட்மார்னிங் சொல்வார்கள். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே இறங்கிப்போவாள். நான் கூப்பிடுவதில்லை. என் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் நடக்கச் சொல்லிக்கொண்டே ஏறிவிடுவேன்.