எலுமிச்சம்பழம் கட்டிய கம்ப்யூட்டர்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மேனேஜர் மகனின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்குப் படம் வேண்டுமென்றாலும் என்னைத்தான்.

பேக்கிங் பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பெட்டிகளில் ஒட்டவேண்டிய பார்கோடு ஸ்டிக்கரை அச்சடித்துத் தரும். அதற்கான மென்பொருளை பெங்களூர் கம்பெனி ஒன்று எழுதிக் கொடுத்திருந்தது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நடு ஷிப்டில் 'பிரிண்டர் தயாராக இல்லை' என்று நிற்க ஆரம்பித்தது. பிரிண்டரோ பச்சை விளக்கு எரிய சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். கேபிளை மாற்றினேன். பிரிண்டரையே மாற்றினேன். பெங்களூருக்குப் போன் போட்டால், "எங்க சைடுல ப்ராப்ளம் இல்ல சார், ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பார்கள். ரீஸ்டார்ட் செய்தால் ஓடும். வெளியே லாரி காத்துக் கிடக்கும்போது மறுபடி நிற்கும். அந்த 'எங்க சைடுல' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதில் இன்னொரு தலைவலி. கல்லாவியிலிருந்து வந்து, மூக்கண்டப்பள்ளியில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு பெண் அப்போதுதான் காண்ட்ராக்டில் சேர்ந்திருந்தார். அவர் உட்காரும் ஷிப்டில்தான் இது நடந்தது. காலை ஷிப்டுக்குப் போட்டால் காலையில் நிற்கும், மதிய ஷிப்டுக்கு மாற்றினால் மதியம் நிற்கும். மற்றவர்கள் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது.

பேக்கிங் சூப்பர்வைசர் பாகலூர்க்காரர். மானிட்டரில் எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் கட்டித் தொங்கவிட்டார். "அந்தப் பொண்ணு கை ராசி சரியில்ல சார், மெஷினுக்கே ஆகல" என்றார். முதலில் சிரித்தேன். திங்கட்கிழமை முதல் அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று காண்ட்ராக்டரிடம் சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஊருக்குத் திரும்பினால் வீட்டில் உடனே கல்யாணத்தை முடித்துவிடுவார்கள், அதற்குப் பயந்துதான் வேலைக்கே வந்தார் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

பெங்களூர்க்காரர்கள் மென்பொருளின் உள்விவரத்தைத் தர மறுத்துவிட்டார்கள். ஆனால் அது ஓடியது லினக்ஸில். அதில் 'ஸ்ட்ரேஸ்' என்று ஒரு கட்டளை உண்டு. இந்த ஃபைலைத் திற, இதைப் படி, இதை மூடு என்று ஒரு மென்பொருள் கம்ப்யூட்டரிடம் கேட்பதையெல்லாம் வரி வரியாகக் காட்டிவிடும். சனிக்கிழமை அதைப் போட்டுவிட்டு சூப்பர்வைசரை ஸ்டிக்கர் அடிக்கச் சொன்னேன். எல்லாம் ஒழுங்காக ஓடித் தொலைத்தது.

"அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்க" என்றேன்.

"பேடா சார், வேணாம், சும்மா ஓடறத எதுக்குக் கெடுக்கணும்" என்றார் அவர்.

அந்தப் பெண் வந்தும் உட்காராமல் நின்றார். "நான் தொட்டா நின்னுடும் சார். அப்புறம் எல்லாரும் என்னயத்தான் திட்டுவாங்க."

"நிக்கட்டும்மா. நிக்கணும்னுதான் கூப்பிட்டேன்."

அவர் ஸ்டிக்கரை அடித்தார், பெட்டியில் ஒட்டினார், ஒட்டியதை ஸ்கேன் செய்தார். அப்போது என் திரையில் ஒரு ஃபைல் திறந்தது. அடுத்த பெட்டி, மறுபடி ஸ்கேன், மறுபடி அதே ஃபைல் திறந்தது. மூடும் வரியைத் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். ஒரு மென்பொருள் ஒரே நேரத்தில் இத்தனை ஃபைல்தான் திறந்து வைக்கலாம் என்று கணக்கு உண்டு. சில மணி நேரத்தில் அது நிரம்பியதும் கம்ப்யூட்டர் இனி எதையும் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அடுத்து திறக்கப் பார்த்தது பிரிண்டரை. காரணத்தைக் காதில் வாங்காமல், இந்த மென்பொருள் புண்ணியவான் பழியை பிரிண்டர் மேல் போட்டுவிட்டான். ஷிப்டு மாறும்போது மென்பொருளை மூடித் திறப்பார்கள், அதனால் அடுத்த ஆளுக்குப் பிரச்சினையே தெரியவில்லை.

"ஏம்மா, ஒவ்வொரு பெட்டியையும் ஒட்டுனதுக்கப்புறம் எதுக்கு ஸ்கேன் பண்றீங்க?"

"நீங்கதான சார் ட்ரெயினிங்ல சொன்னீங்க, ஒட்டுன பின்னாடி ஒருக்கா செக் பண்ணணும்னு."

சூப்பர்வைசரைப் பார்த்தேன். "டார்கெட் ஓடணும்ல சார், அதெல்லாம் யாரு பண்றாங்க" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

மேனேஜரிடம் திரையைக் காட்டி விளக்கினேன். அந்தப் பெண்ணை நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது. ஆனால் அவர் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள்: சரியாகும்வரை அந்தப் பெண்ணும் செக் செய்யவேண்டாமாம். "அப்ப தப்பா ஒட்டியிருந்தா யாரு சார் பாக்கறது?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார். மேனேஜர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். டீ இடைவேளையில் மென்பொருளை ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லிச் சமாளித்தேன்.

ஸ்ட்ரேஸ் வரிகளைப் பெங்களூருக்கு அனுப்பினேன். பிறகு 'சின்ன அப்டேட்' என்று ஒன்று வந்தது, அதன்பின் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. எலுமிச்சம்பழம் காய்ந்து சுருங்கும்வரை அங்கேயே தொங்கியது. அதனால்தான் சரியானது என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

இப்போதும் யாராவது 'இந்த ஆள் கை வெச்சாதான் கெடுது' என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடுகிறது. சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆளைத்தான் அன்று எல்லோரும் சேர்ந்து ஊருக்கு அனுப்பப் பார்த்தோம்.