பாபினில் பச்சை நூல்

அந்தத் தலையணை உறையை மடியில் விரித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளை லாங்கிளாத்து, இப்போது பழுப்பேறிவிட்டது. நடுவில் மூக்கோடு மூக்கு உரசும் இரண்டு கிளிகள், நாலு மூலையிலும் ரோஜா. கிளிகளுக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வெறும் துணி. அந்த வெறும் இடத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஊசி குத்திய ஓட்டைகள் புள்ளி புள்ளியாக வெளிச்சம் காட்டும். சேர்த்து வாசித்தால் ஒரு பெண்ணின் பெயர், ஐந்து எழுத்து. கையால் தைத்ததைப் பிரித்துத் துவைத்தால் துணி பழையபடி கூடிவிடும். மெஷினில் நெருக்கித் தைத்த எழுத்து அப்படியில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாயிற்று, ஒரு ஓட்டைகூட மூடவில்லை. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டேன்; இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். கோவில்பட்டியில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு எம்ப்ராய்டரிக் கடை. காலால் மிதிக்கிற மெஷின் மூன்று. கடைக்காரி அக்கா நடுவில், நான் சுவரோரம், தங்கச்சி வாசலோரம். எனக்கு இருபத்து மூன்று வயது, அவளுக்குப் பத்தொன்பது. இடைசெவலிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். ஊரெல்லாம் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில், மருந்து நாற்றம் இல்லாத வேலை கிடைத்தது என்று நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் மிதப்பாகவே திரிந்தோம்.

எம்ப்ராய்டரிக்கு, துணியை அழுத்துகிற மெஷின் பாதத்தைக் கழற்றிவிட வேண்டும். துணியை இழுக்கிற பல்லையும் கீழே இறக்கிவிட வேண்டும். அப்புறம் துணி எங்கே போகிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது. துணியை வளையத்தில் முறுக்காகப் பூட்டி, இரண்டு கையாலும் நகர்த்திக்கொண்டே காலால் மிதிப்போம். கை முந்தினால் ஊசி ஒடியும், கால் முந்தினால் நூல் முடிச்சுப் போடும். ஒடிந்த ஊசி முகத்துக்கு நேரே பறந்து வரும்போது குலதெய்வம் ஞாபகம் வரும். பூவின் வரைபடத்தை டிரேசிங் பேப்பரில் ஊசியால் குத்தி வைத்திருப்போம். துணிமேல் அதைப் போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைத் தேய்த்தால் ஓட்டை வழியாகப் படம் இறங்கிவிடும். ஒரே பேப்பர் நாலு கடைக்குப் போய் வரும். அதனால் ஊரில் எந்தக் கல்யாண வீட்டுத் தலையணையைப் பார்த்தாலும் அதே இரண்டு கிளிதான்.

ஆகவே ஒருத்தி கைவேலையைப் படத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நூலை வைத்துத்தான் முடியும். "ஏட்டி, டியூப்லைட்டுக்குக் கீழ நின்னு நூல் எடுக்காத, ரோஸு ஊதாவாத் தெரியும். வாசலுக்கு வந்து வெயில்ல பாத்து எடு" என்று அக்கா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கத்துவாள். சிவப்பு நூல் புதிதாக வந்தால் நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி, சூடாக இஸ்திரி போட்டுப் பார்ப்போம், சாயம் இறங்குகிறதா என்று. எனக்கு எல்லாமே பளிச்சென்று இருக்க வேண்டும். தங்கச்சி ரோஜாவுக்கு மூன்று ரோஸ் எடுத்துவிட்டு, நாலாவதாக ஒரு காவி எடுப்பாள். கழுவாத பாத்திரத்தின் நிறம். "இந்த அழுக்கை எங்கே வைக்கப் போற?" என்று கேலி செய்வேன். இதழ் மடிகிற இடத்தில் அந்த அழுக்கை நாலே இழுப்பு இழுப்பாள். பூ துணியை விட்டு எழுந்து நிற்கும். எரிச்சலாக இருக்கும் எனக்கு. பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன்.

அவளிடம் ஒரு கிறுக்கு உண்டு. ஊசிக்குக் கீழே, அடிநூல் சுற்றுகிற பாபினில் எல்லோரும் வெள்ளை நூல்தான் போடுவோம். நூலின் இறுக்கம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்து அடிநூல் மேலே எட்டிப் பார்த்தாலும் வெள்ளைத் துணியில் தெரியாது. அவள் எந்தப் பூவுக்கும், எந்த எழுத்துக்கும் பாபினில் பச்சைதான் சுற்றுவாள். துளி பிசகினாலும் பச்சைப் பொட்டு மேலே வந்து மானத்தை வாங்கிவிடும். அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டால், "பூவுக்கு அடியில இலைதானக்கா இருக்கும்?" என்று சிரிப்பாள். அவள் தைத்த துணியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கப் பச்சையாகக் கிடக்கும்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மேற்கே பத்துப் பன்னிரண்டு மைலில் ஒரு கரிசல்காட்டு ஊர்; பருத்தியும் உளுந்தும் விளைகிற வீடு. சீருக்கு ஒரு ஜோடித் தலையணை உறையை அவளே எங்கள் கடையில் உட்கார்ந்து தைத்தாள். ஒன்றில் அவன் பெயர், ஒன்றில் அவள் பெயர். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவள் அப்பா கடைக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "தப்பா எடுத்துக்கிடாதீய தாயி. பஸ் ஏறி வேலைக்குப் போன பொண்ணுன்னா மாப்பிள்ள வீட்டுல ஒரு மாதிரி நெனப்பாக. தையல வீட்டுல இருந்தே பழகுனான்னு சொல்லியிருக்கேன்." அதாவது, நாங்கள் கல்யாணத்துக்கு வரக்கூடாது. அக்கா சிரித்துக்கொண்டே சரி என்றாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் கல்யாணத்தில் ஒரு பிடி அரிசி போட எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தப் பொய் என்ன வேலை செய்யப் போகிறது என்று அன்றைக்கு எங்களில் யாருக்குத் தெரியும்?

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். ஒரு திங்கட்கிழமை, வெற்றிலை போட்ட ஒரு அம்மாள் மஞ்சள் பையோடு கடைக்கு வந்தாள். நல்ல மரியாதையான பேச்சு. ஒரே ஒரு உறையை எடுத்துக் கொடுத்தாள். "பேரு மட்டும் மாத்தணும். பழசப் பிரிச்சி, துவைச்சிக் கொண்டாந்திருக்கேன். ஆவணியில மகனுக்குக் கல்யாணம். புதுப்பொண்ணு தாயில்லாப் பிள்ள, கடம்பூர்ப் பக்கம். சீருன்னு ஒண்ணும் வராது. இம்புட்டு நல்ல வேலையத் தூரப் போட மனசு கேக்கல."

"ஜோடில இன்னொண்ணு எங்கம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"அதுல மாத்துததுக்கு ஒண்ணுமில்ல."

அக்கா குரலைத் தாழ்த்தி, "மூத்தவ தவறிட்டாளா?" என்றாள். அந்த அம்மாள் பையை மடித்துக்கொண்டே, "அவ காலம் அம்புட்டுதான்" என்றாள். அக்கா உச்சுக் கொட்டினாள். நோட்டில் கிழித்த ஒரு சீட்டில் யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை புதுப் பெயரைக் குண்டு குண்டாக எழுதியிருந்தது. அக்கா அதை உறையில் ஊக்கால் குத்தி என் பக்கம் போட்டாள். வெள்ளிக்கிழமை வாங்க வருவதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனாள். அவள் முகத்தை நாங்கள் அதற்கு முன்னே பார்த்ததில்லை. எங்களை அவளும் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குத்தான் போகவில்லையே.

வியாழக்கிழமை மத்தியானம்தான் நான் அதைக் கையில் எடுத்தேன். வளையத்தில் பூட்டுவதற்காகத் துணியைத் திருப்பினேன். பின்பக்கம் பச்சை. ரோஜாவுக்கு அடியில், கிளிக்கு அடியில் எல்லாம் பச்சை. பெயர் இருந்த இடத்தில் மேல்நூலை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். அடியில் பச்சைத் துணுக்குகள் அங்கங்கே ஒட்டியிருந்தன. எழுந்து வாசலுக்குப் போய் வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஐந்து எழுத்தும் தெரிந்தது. "அக்கா" என்று கூப்பிட்டதுதான் ஞாபகம். அக்கா வந்து பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "பாவி மக்கா, செத்ததக்கூட நமக்குச் சொல்லலையே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மத்தியானத்தில் அந்தக் கடை பூட்டி நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

துட்டி கேட்கத்தான் இடைசெவலுக்குப் பஸ் ஏறினோம். துக்க வீட்டுக்குப் போகிறோம் என்று அக்கா தலைப்பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். வழியெல்லாம் வெறும் கறுப்பு மண். மழை இன்னும் விழவில்லை. காற்று முகத்தில் புழுதியை அள்ளி அடித்தது. வீட்டு முற்றத்தில் அவள் அம்மா கொத்தவரங்காய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க வாங்க, ரெண்டு பேருஞ் சேந்து வாரீய, கடைக்கு லீவா?"

கட்டிப் பிடித்து அழுவதற்காகக் கையை நீட்டியிருந்த அக்கா, நீட்டிய கை நீட்டியபடி நின்றாள். மகளைப் பறிகொடுத்த முகம் அது இல்லை.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று அக்கா கேட்டாள். "காய்ச்சலு தாயி. மொத ஆடியில்லா, கூட்டியாரப் போனேன். பஸ்ல போனா உடம்புக்கு ஒத்துக்கிடாது, தணிஞ்சதும் நாங்களே கொண்டாந்து விடுதோம்னு சம்பந்தி அம்மா சொன்னாக. மோரு குடுத்தாக. உள்ளார பிள்ள இருமுதது கேட்டுச்சி. சம்பந்தி வீட்டுல உள்ள நுழைஞ்சி பாக்கது மரியாதையில்லன்னு வந்துட்டேன்."

நான் உறையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். வாசித்தார். அப்புறம் ஊக்கில் தொங்கிய சீட்டை வாசித்தார். ஆவணியில் மகனுக்குக் கல்யாணம் என்று அந்த அம்மாள் சொன்னதை அக்கா சொன்னாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தன் தம்பிகளைக் கூப்பிடப் போனார்.

பொழுது சாய்வதற்குள் ஒரு வாடகைக் காரில் அவளைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பருத்தி போட்டு வைக்கிற பின்கட்டு அறையில் கிடந்தாளாம். கண், நகம் எல்லாம் மஞ்சள். அக்காதான் கூட இருந்து பார்த்தாள். அவள் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "அடிக்கல, வையல. சோறு குடுக்கலன்னும் சொல்ல முடியாது, தட்டு பக்கத்துலதான் இருந்துச்சாம். காமாலைன்னு தெரிஞ்சும் ஒரு டாக்டருக்குக் காட்டல. ஒண்ணுமே செய்யாம இருந்திருக்காக ஏட்டி. எப்பம் முடியும்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காக." இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் கொண்டுவந்தே பிரயோசனமில்லை என்று டாக்டர் திட்டினாராம். பொண்ணு வேலைக்குப் போனது எங்கள் கடையில்தான் என்று தெரிந்திருந்தால் அந்த அம்மாள் எங்கள் படியேறியிருப்பாளா? ஊரில் எத்தனை கடை! எந்தப் பொய்க்காக நான் பல்லைக் கடித்தேனோ, அந்தப் பொய்தான் உறையை என் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

வெள்ளிக்கிழமை யாரும் உறையை வாங்க வரவில்லை.

தீபாவளி கழித்துத் தங்கச்சி கடைக்குத் திரும்பினாள். பாதி உடம்பாக இருந்தாள். பழைய இடத்தில் உட்கார்ந்து மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். நாங்கள் எதுவும் கேட்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம். அவள் பாபினை எடுத்து வெள்ளை நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏட்டி, பச்சை அங்கன பெட்டியில இருக்கு" என்றேன். அவள் நிமிரவில்லை. "இருக்கட்டும்க்கா. வெள்ளைன்னா தப்பு வந்தாலும் தெரியாதுல்லா." அதற்கப்புறம் பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காவி நிறத்தையும் அவள் அப்புறம் எடுத்து நான் பார்க்கவில்லை. ரோஜா எல்லாம் என்னுடையதைப் போலத் துணியில் படுத்தே கிடந்தது. அதைப் பார்த்து நான் ஒரு நாளும் சந்தோஷப்படவில்லை, சத்தியமாக.

உறையை அவள் திரும்பக் கேட்கவில்லை. என் பீரோவிலேயே தங்கிவிட்டது. அவளைக் காப்பாற்றியது நான்தான் என்று சொந்தக்காரர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் உறையை எடுத்து ஜன்னலில் பிடித்து, ஓட்டையை வாசித்துக் காட்டுவேன். கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். போன மாதம் பேத்தியிடம் காட்டினேன். அவள் ஓட்டைகளை வாசித்துவிட்டு, மூலையில் துருப்பிடித்துத் துணியோடு ஒட்டிப்போயிருந்த ஊக்கைத் தொட்டாள். அதில் அந்தச் சீட்டு. குண்டு குண்டான எழுத்து இன்னும் அழியவில்லை.

"இது யாரு ஆச்சி?" என்றாள்.

புதுப்பொண்ணு என்றேன். தாயில்லாப் பிள்ளை. கடம்பூர்ப் பக்கம்.

"அவிய என்ன ஆனாக?"

ஆவணியில் அந்த வீட்டில் கல்யாணம் நடந்தது என்று காதில் விழுந்தது. வேறு கடையில் புது உறை தைத்திருப்பார்கள். கடம்பூருக்கு எங்கள் கடை வாசலிலிருந்தே பஸ் உண்டு. பெயர் கையில் இருந்தது. ஆடி முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அக்காவோ, தங்கச்சியின் அப்பாவோ, நானோ, ஒருத்தரும் ஏறவில்லை. தங்கச்சி பிழைத்த சந்தோஷத்தில் அந்தச் சீட்டை நாங்கள் ஒருவரும் திரும்பப் படிக்கவில்லை.

பேத்தி உறையை இன்னும் ஜன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். "தெரியாது தாயி" என்றேன்.